விரல் நிழல்

மகள் சோலார் பொம்மைக் காரின் பேனலில் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். வெயிலில் ஓடிக்கொண்டிருந்த குட்டி கார் சட்டென்று நின்றுவிட்டது.

"ஒரு கட்டத்தைத்தானேப்பா மறைச்சேன்? மத்ததெல்லாம் வெயில்லதானே இருக்கு?"

எவ்வளவு அருமையான கேள்வி!

பேனலின் ஒவ்வொரு கட்டமும் ஒரு சிலிக்கான் செல். அது சுமார் அரை வோல்ட்தான் தரும். அதனால் பல செல்களை வரிசையாகக் கோத்திருப்பார்கள். ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்க மின்னோட்டம் குறைந்துவிடும். விரலை எடுத்தும் வைத்தும் அவளே இதைக் கண்டுபிடித்தாள். நான் வாயே திறக்கவில்லை.

ஒளி பட்டால் மின்சாரம் பிறப்பதை 1839இல் பிரெஞ்சு இயற்பியலாளர் எட்மண்ட் பெக்கரல் கவனித்ததும் தன் அப்பாவின் ஆய்வகத்தில்தான். அப்போது அவருக்கு 19 வயது.

பிள்ளைகளுக்கு சோலார் கிட் வாங்குகிறவர்கள், நடுவில் பேட்டரி இல்லாமல் பேனலிலிருந்து நேராக மோட்டாருக்கு வயர் போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அப்போதுதான் வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் கார் ஏன் ஓடவில்லை என்று கேட்பார்கள். நல்ல நண்பகல் வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட். அறை வெளிச்சம் அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது.

ஆனால் கேட்டவுடன் இதைச் சொல்லிவிடாதீர்கள், ப்ளீஸ். கொஞ்ச நேரம் அவர்களே மண்டையைக் குடையட்டும்.