கருகாவூர்த் தொட்டில்

மகள் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, கருவைக் காக்கும் திருக்கருகாவூர் அம்பாள் கர்ப்பரட்சாம்பிகையிடம் வேண்டிக்கொண்டது. "தாயே, ரெண்டு உயிரையும் பத்திரமாகப் பிரித்துக் கொடு. பிள்ளையைக் கொண்டுவந்து உன் தங்கத் தொட்டிலில் போடுகிறேன்." பிரசாத விளக்கெண்ணெயை அவள் வயிற்றில் தடவும்போதெல்லாம் இதையே முணுமுணுப்பேன்.

திருக்கருகாவூர் என்றதும் என் வீட்டுக்காரர் வேறு கணக்குப் போட்டார். அப்படியே தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்டசோழபுரம் என்று சோழர் கோயில்கள் மூன்றையும் பார்த்துவிடலாமாம். யுனெஸ்கோ பட்டியலில் பெரிய கோயில் 1987-லும் மற்ற இரண்டும் 2004-லும் சேர்ந்த கதையை ரயிலிலேயே மாப்பிள்ளைக்குச் சொல்லி முடித்துவிட்டார். எல்லாம் சரி, உச்சிக்கு நடை சாத்தினால் சாயங்காலம் நாலு மணி ஆகும் திறக்க. கைக்குழந்தைக்குப் பசி எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

முகூர்த்த நாள் வேறு. காரிலிருந்து இறங்குமுன்பே, "தொட்டிலாம்மா? வரிசையே வேண்டாம், நான் கூட்டிட்டுப் போறேன்" என்று ஒருவர் ஒட்டிக்கொண்டார். வேண்டாம் என்றாலும் விடவில்லை. மாப்பிள்ளை குரலை உயர்த்திய பிறகுதான் அடுத்த காருக்கு ஓடினார். அம்பாள் வாசலில் இப்படி ஒரு பிழைப்பு!

இங்கே சிவன் முல்லைவனநாதர், புற்றுமண் திருமேனி. அபிஷேகம் கிடையாது, புனுகு என்ற வாசனைப் பொருளைச் சாத்தும் புனுகுச் சட்டம்தான். அவரைக் கும்பிட்டுவிட்டு அம்பாள் சந்நிதிக்குப் போனால் நெரிசல், புழுக்கம், பேரன் வீறிட்டு அழுகை. தொட்டிலில் கிடத்தினார்கள். கையைக் காலை உதைத்தான். அப்புறம் தீபாராதனை வெளிச்சம் பட்டதும் சட்டென்று அடங்கி அந்தப் பக்கமே பார்த்தான். நானும் நிமிர்ந்தேன். பட்டுப் புடவையும் மாலையும் மறைத்தது போக, வயிற்றைத் தாங்கினாற்போல் இருக்கும் அந்தக் கை மட்டும் தெரிந்தது. சொல்ல வைத்திருந்த ஸ்தோத்திரம் ஒன்றும் வாயில் வரவில்லை. "குடுத்துட்டியேம்மா, குடுத்துட்டியே" என்று சத்தமாகவே அழுதிருக்கிறேன். பக்கத்தில், பிள்ளை வரம் வேண்டி நெய்ப் பிரசாதத்துக்கு வந்திருந்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள். ஊர், பேர் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. கர்ப்பரட்சாம்பிகே, அவளுக்கும் கொடு.

வெளியே வரும்போது உச்சி தாண்டிவிட்டது. நாலு மணிக்குத் தாராசுரம் மட்டும்தான் முடிந்தது. இரண்டாம் ராஜராஜன் கட்டியது. ஒரே தலையைக் காளைக்கும் யானைக்கும் பொதுவாக வைத்த சிற்பத்தின் முன்னால் வீட்டுக்காரர் நின்றது நின்றபடி. எனக்கோ சுவரின் கீழ்வரிசையில் இருக்கும் நாயன்மார்கள் போதும். உள்ளங்கையளவுதான் ஒவ்வொன்றும். அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்கும் காட்சியும் அதில் இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெரிய கோயிலும் கங்கைகொண்டசோழபுரமும் பாக்கி. தையில் போகலாம் என்று வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்தியிருக்கிறேன். அதற்கும் அம்பாள்தான் வழிவிட வேண்டும்.