வீல்சேர் படத்தை நம்பி பார்க்குக்குக் கிளம்பாதீர்கள்

முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு என் தம்பிக்கு வீல்சேர்தான். மோட்டார் இல்லாத, கையால் உருட்டும் வண்டி. அவனை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு ஸ்டேட் பார்க்குக்கு, அதாவது மாநில அரசு நடத்தும் இயற்கைப் பூங்காவுக்கு, கூட்டிப்போய் நொந்து திரும்பினோம். அதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

அந்தப் பார்க்கின் இணையப் பக்கத்தில் வீல்சேர் படம் போட்டிருந்தது. போன் செய்தும் கேட்டேன். "அக்சஸிபிள்தான், தாராளமாக வாருங்கள்" என்றார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான நீலக்கோடு போட்ட பார்க்கிங் கிடைத்தது, கழிவறையில் கைப்பிடிகூட இருந்தது. பாதை தொடங்கும் இடத்தில்தான் வினை. மோட்டார் பைக் நுழையாமல் இருக்க நட்ட இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே சக்கர வளையம் சிக்கியது. எப்படியோ சாய்த்து உள்ளே தள்ளினால், புதிதாகக் கொட்டிய சரளைக்கல். வீல்சேரின் முன்சக்கரங்கள் சின்னவை. பின்னாலிருந்து தள்ளத் தள்ள அவை கல்லுக்குள் இறங்கின. தம்பியின் உள்ளங்கை சிவந்துபோனது. "விடுக்கா, திரும்பிடலாம்" என்றான்.

அலுவலகத்தில் போய்க் கேட்டால், "அந்தப் படம் பார்க்கிங்குக்கும் கழிவறைக்கும்தான், பாதைக்கு இல்லை" என்றார் அங்கிருந்தவர். போனில் அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இன்னும் ஆறவில்லை எனக்கு.

அதற்கப்புறம் "அக்சஸிபிளா?" என்று யாரிடமும் கேட்பதில்லை. தரை என்ன, தாரா, இறுகிய மண்ணா, உதிரிச் சரளையா? மிகக் குறுகலான இடம் எத்தனை அங்குலம்? எங்கே ஏற்றம் அதிகம், எவ்வளவு தூரத்துக்கு? கடைசி மழைக்குப் பிறகு பாதை அரித்திருக்கிறதா, மரம் விழுந்திருக்கிறதா? போன் எடுப்பவருக்குத் தெரியவில்லை என்றால், சமீபத்தில் அந்தப் பாதையில் நடந்த ரேஞ்சரிடம் (பார்க் காவலரிடம்) கொடுக்கச் சொல்லுங்கள். தயங்கவே வேண்டாம்.

பதிலை எடைபோட அமெரிக்க மத்திய அரசு நிலங்களில் நடைபாதை அமைப்பதற்கான 2013 விதிகள் உதவும். அகலம் குறைந்தது 36 அங்குலம். 20 அடிக்கு 1 அடி உயர்ந்தால் எவ்வளவு தூரமும் போகலாம். 12 அடிக்கு 1 அடி என்றால் ஒரே மூச்சில் 200 அடிதான். 8 அடிக்கு 1 அடி என்றால் வெறும் 10 அடி. ஸ்டேட் பார்க்குகளை இந்த விதி கட்டுப்படுத்தாது, ஆனாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். கலிபோர்னியா ஸ்டேட் பார்க்ஸ் தளத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளைப் பார்க் வாரியாகத் தனியே எழுதியிருக்கிறார்கள். படத்தை விட்டுவிட்டு அதைப் படியுங்கள்.

இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் சாண்டா குரூஸ் பக்கம் ஃபெல்டனில் இருக்கும் ஹென்றி கவெல் ரெட்வுட்ஸ் என்ற ஸ்டேட் பார்க் கிடைத்தது. வானுயர வளரும் ரெட்வுட் மரத் தோப்பைச் சுற்றிவரும் பாதை சுமார் 0.8 மைல், சமதளம், இறுகிய மண். உயரமான மரம் 277 அடி இருக்கும். உள்ளே குடைந்துபோன ஒரு பெரிய மரத்துக்குப் பக்கத்தில் தம்பி வண்டியை நிறுத்தி, பட்டையைத் தடவிப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தான். பிறகு கிளம்பியவன் எனக்கு முன்னால் போய்விட்டான், நான்தான் வேகமாக நடக்க வேண்டியிருந்தது. அடிபட்ட பிறகு அவன் பின்னால் நான் ஓடியது அன்றுதான். ஆனால் ஒன்று, அதே பார்க்கின் மற்ற பாதைகளில் நல்ல ஏற்றம் உண்டு. இந்தத் தோப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிரந்தர உடற்குறைபாடு உள்ளவர்களுக்குக் கலிபோர்னியா ஸ்டேட் பார்க்ஸில் 3.50 டாலரில் ஆயுள் பாஸ் தருகிறார்கள், நுழைவுக் கட்டணம் பாதியாகும். வாங்கிவிடுங்கள். மிச்சிகனில் இருப்பவர்களுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. அங்கே பல ஸ்டேட் பார்க்குகளில் டாங்கி மாதிரிப் பட்டைச் சக்கரம் வைத்த மோட்டார் நாற்காலியை இலவசமாகத் தருகிறார்கள், சரளையும் மணலும் அதற்குப் பொருட்டில்லை. கொலராடோவின் ஸ்டான்டன் பார்க்கிலும் உண்டு. முன்பதிவு முக்கியம்.

அடுத்து கலிபோர்னியாக் கடற்கரையில் இருக்கும் ஆன்யோ நுவேவோ ஸ்டேட் பார்க்கில் யானைச் சீல் என்ற பெரிய கடல்நாய்களைப் பார்க்கப் போகிறோம். டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை வழிகாட்டியோடுதான் விடுவார்கள், வீல்சேருக்கு மரப்பலகைப் பாதை இருக்கிறது. பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே படி ஏதாவது உண்டா என்று இந்த வாரமே போன் செய்து கேட்கவேண்டும்.