மறுபக்கம் வெளிவரும் அந்தக் கடைசி மில்லிமீட்டர்

மோட்டார் ஸ்டார்ட்டர் வைக்க ஒரு பெட்டி தயார் செய்ய வேண்டியிருந்தது. பெட்டி ஃபைபர் கிளாஸ், உள்ளே தெரிவதற்கு முன்பக்கம் 3 மி.மீ. அக்ரிலிக், சுவரில் மாட்ட எவர்சில்வர் பட்டை. மொத்தம் பதினாறு துளைகள். அரைநாளில் முடிந்துவிடும் என்று நினைத்தேன், மூன்று நாள் ஆயிற்று.

அக்ரிலிக்கில்தான் முதலில் கை வைத்தேன். டிரில்லில் இரும்புக்குப் போடுகிற 5 மி.மீ. பிட்டையே (துளையிடும் முனை) மாட்டினேன். முக்கால்வாசி நன்றாகத்தான் போனது. மறுபக்கம் வெளியே வரும் நேரத்தில் பிட் சட்டென்று பலகையை மேலே இழுத்தது. டப்பென்று ஒரு சத்தம், துளையிலிருந்து விளிம்பு வரை விரிசல். பார்த்துப் பார்த்து அளந்து வெட்டிய பலகை அது, மனசே விட்டுப்போனது.

அடுத்த பலகையைத் தொடுவதற்கு முன் காரணத்தைத் தேடினேன். சாதாரண பிட்டின் வெட்டும் விளிம்பு, செதுக்கிக்கொண்டே முன்னால் போகும்படி சாய்வாக இருக்கும். இரும்பு அதைத் தாங்கும். அக்ரிலிக்கில் அதே விளிம்பு திருகாணி போல உள்ளே ஏறிவிடுகிறது, அடியில் மிச்சமிருக்கும் மெல்லிய தோல் பிளந்துவிடுகிறது. எண்ணெய்க் கல்லை பிட்டின் நீளவாக்கில் பிடித்து, இரண்டு விளிம்புகளையும் நாலைந்து தடவை தேய்த்தேன். தலைமுடி அகலத்துக்கு ஒரு தட்டைப் பட்டை மின்னும், அது போதும். இனி பிட் செதுக்காது, சுரண்டும். அப்படித் தேய்த்த பிட்டை இரும்புக்குத் திரும்பப் போடாதீர்கள், தனியாக எடுத்து வையுங்கள்.

பலகையின் மேல் ஒட்டி வந்த தாளை உரிக்காமல், அடியில் ஒரு மரக்கட்டை கொடுத்து, இரண்டையும் சேர்த்து கிளாம்ப் போட்டேன். வேகம் குறைவு. உருகிய பிளாஸ்டிக் பிட்டில் சுற்றினால் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். நிறுத்தி, பிட்டை வெளியே எடுத்து, ஆறவிட்டு மறுபடி இறக்க வேண்டும். பிட்டின் முனை மரத்தைத் தொடும் வரை கையை அழுத்தவே கூடாது. முழுக் கவனமும் வேண்டிய இடம் அதுதான்.

ஃபைபரில் பிரச்சினை வேறு. மேலே பளபளவென்று இருக்கும் பூச்சான ஜெல்கோட், பிட் பட்டதும் சில்லு சில்லாகப் பெயரும். மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் குறி போட்டு, முதலில் டிரில்லை ரிவர்ஸில் ஓட்டினேன். ஜெல்கோட்டைக் கொத்தாமல் மெதுவாக அரைத்துக்கொண்டு இறங்கியது. நார் தெரிந்ததும் முன்னோக்கி மாற்றினேன். கண்ணாடி நார் பிட்டைச் சீக்கிரம் மழுக்கிவிடும், நிறையத் துளை போடுவதானால் எளிதில் மழுங்காத கார்பைடு பிட் வாங்கிவிடுங்கள். தூசியை அலட்சியம் செய்யாதீர்கள். மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம். ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடையுங்கள். துளையின் உள்சுவரில் கொஞ்சம் எபாக்சி பசை தடவினேன், வெட்டுப்பட்ட நார் வழியாகத் தண்ணீர் ஏறாமல் இருக்க.

எவர்சில்வரில்தான் ஒரு முழுநாள் போனது. வேகத்தைக் கூட்டி, லேசாக அழுத்தினேன். புகை வந்தது, பிட்டின் முனை நீலமானது, துளை மட்டும் ஆழமாகவில்லை. வெட்டாமல் தேய்த்தால் அந்த இடம் முன்பைவிட இறுகிவிடும் என்பது அப்புறம்தான் புரிந்தது. மறுநாள் கோபால்ட் கலந்த எஃகில் செய்த புது பிட், சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் தட்டி ஒரு குழி, துளிக் கட்டிங் ஆயில். 6 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 600 சுற்று அளவில் வைத்து, பலமாக அழுத்தினேன். நீளநீளமாகச் சுருள் வந்தது. அந்தச் சுருளைப் பார்த்த பிறகுதான் நிம்மதி. வெளியே வரும் நேரத்தில் இங்கேயும் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும், இல்லையென்றால் பிட் மாட்டி பட்டையையே சுற்றிவிடும். கிளாம்ப் இல்லாமல் கையால் பிடிக்கவே கூடாது. கையுறையும் வேண்டாம், சுழலும் பிட் அதைப் பிடித்து இழுத்துவிடும். பிசிறை எடுக்கப் பெரிய பிட் ஒன்றைக் கையால் திருகினால் போதும்.

மூன்றாம் நாள் மாலை அக்ரிலிக்கைப் பெட்டியில் பூட்டினேன். 4 மி.மீ. திருகுக்கு 5 மி.மீ. துளை. வெயிலில் பலகை விரிந்து சுருங்க அந்த இடைவெளி தேவை. ரப்பர் வாஷர் வைத்து, விரலால் முறுக்கி, திருப்புளியால் கால் சுற்று மட்டும் திருப்பி விட்டுவிட்டேன்.