கேப்சூல் எண்டோஸ்கோபி: விழுங்குவதற்கு முன்னும் பின்னும்

இரும்புச்சத்து மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொண்டும் எனக்கு ஹீமோகுளோபின் ஏறவில்லை. வாய் வழியாகக் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோபியிலும், ஆசனவாய் வழியாகச் செலுத்தும் கொலோனோஸ்கோபியிலும் கோளாறு எதுவும் தென்படவில்லை. எனவே, இவ்விரு குழாய்களும் எட்டாத சிறுகுடலில்தான் இரத்தம் கசிந்துகொண்டிருக்க வேண்டும் என்று கருதிய மருத்துவர், மாத்திரை வடிவக் கேமராவை விழுங்கிக் குடலைப் படமெடுக்கும் கேப்சூல் எண்டோஸ்கோபி செய்துகொள்ளச் சொன்னார்.

உறவினர்கள் அனைவரும் விழுங்குவதைப் பற்றியே கவலைப்பட்டார்கள். சுமார் 26 மி.மீ. நீளமும் 11 மி.மீ. குறுக்களவும் கொண்ட அந்தக் கேமரா ஒரு மிடறு தண்ணீரோடு இறங்கிவிட்டது. கடினமானது அதற்கு முந்தைய ஆயத்தமே. கரிய படிவு படத்தை மறைக்கும் என்பதால் இரும்பு மாத்திரைகளைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தினார்கள். முந்தைய நாள் தெளிந்த திரவங்களும் பேதி மருந்தும் மட்டுமே, இரவில் அதுவும் இல்லை.

வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்ததா, குடல் காசநோய் இருந்ததா, வலி மாத்திரைகளை நெடுங்காலம் உட்கொண்டதுண்டா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். இவற்றால் குடல் எங்கேனும் குறுகியிருந்தால் கேப்சூல் அங்கேயே சிக்கிக்கொள்ளும். எடுக்க அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படலாம். ஐயம் இருந்தால், தானாகக் கரையும் சோதனைக் கேப்சூலை முதலில் கொடுத்துப் பார்ப்பார்கள். நோயாளி எதையும் மறைக்கக் கூடாத இடம் இதுதான்.

கேப்சூல் அனுப்பும் படங்களைப் பதியும் கருவியை இடுப்பில் கட்டிக்கொண்டு பகல் முழுவதும் நடமாடினேன். ஏவுகணைத் துறையில் பணியாற்றிய இஸ்ரேலியப் பொறியாளர் காவ்ரியேல் இடானின் எண்ணத்தில் உருவாகி, 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நுட்பம் இது. ஆயினும் கேப்சூலுக்குத் தானாக நகரும் ஆற்றல் இல்லை. வெளியிலிருந்து காந்தத்தால் திருப்பக்கூடிய வகைகள் இரைப்பையைப் பார்க்கப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. சிறுகுடலிலோ குடலின் அசைவு தள்ளும் போக்கில்தான் அது செல்கிறது. சந்தேகமான இடத்தில் நின்று மறுபடி பார்க்கவும் முடியாது.

கேப்சூல் மலத்தோடு வெளியேறியது உறுதியாகும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கழிவறையில் அதைக் கவனித்துப் பார்ப்பது அருவருப்பானதுதான். பார்க்கத் தவறினால் எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கும்.

ஆயிரக்கணக்கான படங்களை மருத்துவர் பார்த்து முடித்த பின்னரே அறிக்கை வந்தது. சிறுகுடலின் மேற்பகுதியில், விரிந்த நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்துகொண்டிருந்தன. கேப்சூலால் அவற்றைச் சுட்டு அடைக்க இயலாது. ஆனால் இடம் தெரிந்துவிட்டதால், பலூன் பொருத்திய நீண்ட எண்டோஸ்கோப்பை வாய் வழியாகவே செலுத்தலாம் என்று முடிவாயிற்று.