தயிர்சாதமும் கே.டி. லாங்கும்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துக்குக் கிளம்புகிறவர்களிடம் எல்லோரும் குளிரைப் பற்றிச் சொல்லி பயமுறுத்துவார்கள். கன்ட்ரி என்ற அமெரிக்க கிராமத்துப் பாணிப் பாட்டைப் பற்றி யாரும் சொல்வதில்லை. எட்மன்டனில் நான் வேலைக்குச் சேர்ந்த கிடங்கில் காலையில் ரேடியோவைப் போட்டால் ஷிஃப்ட் முடியும்வரை அதுதான். பிக்கப் வண்டி, பீர், விட்டுப்போன காதலி. ஒரே பாட்டைத்தான் நாள் முழுக்கப் போடுகிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கே.டி. லாங் என்ற கன்ட்ரி பாடகியின் பெயர் காதில் விழுந்தது தயிர்சாதத்தின் புண்ணியத்தில். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்காரும் அம்மாள் மாட்டுப்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவார். என் டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, "கறியே தொட மாட்டியா? இந்த மாகாணத்தில் அப்படிச் சொன்ன ஒருத்தியைத்தான் எனக்குத் தெரியும். அவளை என்ன பாடு படுத்தினோம் தெரியுமா!" என்று சிரித்தார்.

படுத்தியது உண்மைதான். 1990இல் கே.டி. லாங் இறைச்சிக்கு எதிரான ஒரு விளம்பரத்தில் நடித்தார். மாட்டை நம்பி வாழும் ஊர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆல்பர்ட்டாவின் பல வானொலி நிலையங்கள் அவர் பாட்டை நிறுத்தின. அவர் வளர்ந்த கன்சார்ட் என்ற சின்ன ஊரின் வாசலில், 'இது கே.டி. லாங்கின் ஊர்' என்று பெருமையாக வைத்திருந்த பலகையை யாரோ நாசப்படுத்தினார்கள். சரி, இவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்ட பெண் அப்படி என்னதான் பாடினாள் என்று நூலகத்தில் தேடி ஒரு சிடியை எடுத்துவந்தேன். 'ஷேடோலேண்ட்', 1988.

அதைக் கேட்டது காரில்தான். இங்கே குளிர்காலத்தில் காரின் முகப்பிலிருந்து, எஞ்சினைச் சூடாக வைக்கும் ஒரு மின்சார வயர் தொங்கும். இரவெல்லாம் அதை ப்ளக்கில் செருகி வைத்தால்தான் மைனஸ் முப்பதில் எஞ்சின் காலையில் முனகாமல் கிளம்பும். கிளம்பிய பிறகும் ஹீட்டரில் சூடான காற்று வர நேரமாகும். கையுறையைக் கழற்றாமல், கண்ணாடியில் படிந்த பனி உருகக் காத்திருக்கும் அந்த இடைவெளி, மெதுவான பாட்டுக்கென்றே அமைந்த நேரம்.

டார்ச் பாட்டு என்பார்கள் இந்த வகையை. கைகூடாத காதலை நெஞ்சில் வைத்துக்கொண்டு, யாரையும் திட்டாமல், அவசரப்படாமல் பாடுவது. நம் வானொலியில் இரவு பத்து மணிக்கு மேல் வரும் சோகப் பாட்டுகளை, விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது புரியப் பாட்டின் வரிகள்கூடத் தேவையில்லை. அந்தத் தொகுப்பில் 'பிளாக் காஃபி' என்று ஒரு பழைய பாட்டு உண்டு. 1949இலேயே ஜாஸ் பாடகி சாரா வான் பாடியது. தூக்கமில்லாமல் காபியும் சிகரெட்டுமாக வராதவனுக்காகக் காத்திருக்கிறாள் ஒருத்தி. லாங் அதில் குரலை உயர்த்தக்கூடிய இடங்களில்கூட உயர்த்துவதில்லை. சொல்லின் கடைசி எழுத்தை இழுத்து, மூச்சை மட்டும் விட்டுவிடுகிறார்.

இவ்வளவுக்கும், முந்தைய வருடம் வந்த தொகுப்பில் இதே பெண் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தார். பழைய கன்ட்ரி பாடகி பேட்ஸி க்ளைன் மேல் இருந்த பைத்தியத்தில் தன் குழுவுக்கே 'தி ரிக்லைன்ஸ்' என்று பெயர் வைத்தவர். க்ளைன் 1963இல் விமான விபத்தில் இறந்துபோனார். அவருடைய பாட்டுகளைப் பதிவு செய்த ஓவன் பிராட்லி, ஓய்வில் இருந்த அந்தப் பெரியவர், லாங்குக்காக மறுபடி ஸ்டூடியோவுக்கு வந்தார். கன்ட்ரி இசையில் ஃபிடிலின் கிராமத்து வாசனையைக் குறைத்து, வயலின் கூட்டத்தையும் பின்னணிக் குரல்களையும் சேர்த்து அமெரிக்காவில் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் ஊரின் பெயரில் 'நாஷ்வில் சவுண்ட்' என்ற பாணியை உருவாக்கியவர்களில் அவர் ஒருவர். லாங்கின் குரலுக்கு அடியிலும் அதே மெத்தையைத்தான் விரித்தார். எல்விஸுக்குப் பின்னணி பாடிய ஜோர்டனேர்ஸ் குழு இதிலும் பாடியது. கடைசிப் பாட்டில் மூத்த கன்ட்ரி பாடகிகளான கிட்டி வெல்ஸ், லொரெட்டா லின், பிரெண்டா லீ மூவரும் சேர்ந்துகொள்கிறார்கள். மூத்த தலைமுறை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தது என்றே எனக்குப் படுகிறது. குட்டை முடியும் ஆண்பிள்ளை உடையுமாக வந்த கனடாக்காரியை நாஷ்வில் வானொலிகள் அப்படி வரவேற்கவில்லை.

நான் சுணங்கிப்போயிருந்த முதல் வருடத்தில் இந்த விஷயம்தான் அடிக்கடி மனதில் ஓடியது. வந்த இடத்தில் எல்லோரும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை, வேலை தெரிந்த ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றால் போதும். கிடங்கில் எனக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அந்த மாட்டுப்பண்ணை அம்மாள்தான், கறி விஷயத்தில் கடைசிவரை கேலி செய்துகொண்டே.

அப்புறம் காலம் மாறியது. 2010 வான்கூவர் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பாட லாங்கைக் கூப்பிட்டார்கள். 2024இல் இதே எட்மன்டனில் கனடிய கன்ட்ரி இசையின் புகழ்மன்றத்தில் சேர்த்தார்கள். பழைய ரிக்லைன்ஸ் குழுவோடு மேடையேறினார்.

என் மனைவிக்கு 'ஷேடோலேண்ட்' பிடிக்காது. "அழுமூஞ்சிப் பாட்டு, காலங்காத்தால எதுக்கு?" என்பாள். 1992இல் வந்த 'இஞ்ஜெனூ'தான் லாங்கின் உச்சம் என்பது அவள் கட்சி. அதில் ஒரு பாட்டு கிராமி வாங்கியதையும் சாட்சிக்கு இழுப்பாள். அதுவும் கிட்டத்தட்ட முழுக்கக் காதல் தோல்விதானே என்று கேட்டால், "இருக்கட்டும், அதுல டியூன் இருக்கு" என்று முடித்துவிடுவாள்.