பையன்களைச் சேர்ப்பார்களா?

மேலூர் பக்கம் நான் படித்த அரசுப் பள்ளியில், பிளஸ் டூ பிள்ளைகளிடம் பேசுவதற்குப் போன வாரம் கூப்பிட்டிருந்தார்கள். அறிமுகம் செய்த ஆசிரியர், "நம் பழைய மாணவர், மதுரையில் பெரிய மருத்துவமனையில் பணிபுரிகிறார்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். என்ன பணி என்பதை விழுங்கிவிட்டார். மைக்கை வாங்கி நானே சொன்னேன்: நர்ஸ். பையன்கள் வரிசையில் சிரிப்பு. பதினான்கு ஆண்டுகளாகக் கேட்கிற அதே சிரிப்பு.

எங்களுக்குப் பெயரே சரியாக அமையவில்லை. வார்டில் பெண் என்றால் சிஸ்டர், ஆண் என்றால் பிரதர். ஊர்ப்பக்கத்துப் பாட்டிகளுக்கு நான் 'டாக்டர் தம்பி', கோபம் வந்தால் 'கம்பவுண்டர்'. அரசாணையில் செவிலியர். சங்கப் பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். ஆக, நான் மீசை வைத்த செவிலித்தாய்.

எலும்பு முறிவு வார்டில் எண்பது கிலோ ஆள் அசையாமல் கிடப்பார். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சிறுநீர்க் குழாய் போடப் போனால் பெரியவர்கள் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பிரதர் யாரும் இல்லையாம்மா?" என்று சிஸ்டரிடம் கெஞ்சுவார்கள். அந்த ஐந்து நிமிடம் எங்கள் மதிப்பே தனி.

பள்ளியில் கொடுத்த வழிகாட்டுத் தாளைப் பார்த்தேன். மாணவர்களுக்கு ஒன்று, மாணவிகளுக்கு ஒன்று. ஒன்றில் பொறியியல், பாலிடெக்னிக், ஐடிஐ, காவல்துறை. மற்றதில் நர்சிங், ஆசிரியர் பயிற்சி, பி.காம். யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்தவர் தாள் கைக்கு வராது, அவ்வளவுதான். இத்தனைக்கும் மாணவர்களுக்கு மேற்படிப்பு, வேலை வழிகாட்டும் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022-லேயே வந்துவிட்டது. அரசுப் பள்ளியில் படித்த பெண் ஐடிஐயில் ஃபிட்டர் சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. பெண்கள் தாளில் ஐடிஐ என்ற சொல்லே இல்லையே!

வெளியே மட்டும் என்ன வாழ்கிறது? எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்குச் செவிலியர் எடுக்கும்போது 80 விழுக்காடு பெண்களுக்கு, 20 ஆண்களுக்கு. அதையும் மறைக்காமல் சொன்னேன். எய்ம்ஸ் என்றதும் பிள்ளைகள் மறுபடி சிரித்தார்கள். இந்த முறை, மதுரை எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் இழுத்த தோப்பூரை நினைத்து.

கூட்டம் கலைந்தபின் ஒரு பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு கேட் வரை வந்தான்.

"அண்ணே, பையன்களைச் சேர்ப்பார்களா?"

"சேர்ப்பார்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருந்தால் போதும். பி.எஸ்சி. நர்சிங், நான்கு ஆண்டு."

அவன் கேட்க வந்தது அது இல்லை.

"உங்கள் வீட்டில் என்னண்ணே சொன்னார்கள்?"

என் அப்பா அந்த நான்கு ஆண்டையும் டீக்கடையில் 'மகன் ஆஸ்பத்திரிப் படிப்பு படிக்கிறான்' என்றே ஓட்டினார். டாக்டருக்கா என்று கேட்டவர்களுக்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதைச் சொன்னேன்.

பையன் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரிப் படிப்பு" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு சைக்கிளில் ஏறினான்.