போன வழியே

மே 6
ஆஸ்பத்திரியில் இன்றும் ஒப்பரேஷனுக்குத் தேதி தரவில்லை. "கட்டில் காலியானதும் கூப்பிடுவோம் ஐயா." போன மாதமும் இதே பாட்டு. இரவுக்கு உப்பில்லாத கஞ்சி.

மே 7
கோத்தகிரியிலிருந்து அக்கா வட்ஸ்அப்பில் பேசினாள். ஒப்பரேஷனுக்கு முன்னால் இலங்கைக்கு வந்து பார்க்கிறாளாம். பிளேன் டிக்கட் நானே போடுகிறேன் என்றான் மகன். "பிளேன்ல ஏறமாட்டேன், போன வழியேதான் வருவேன்" என்கிறாள். எண்பது வயதுப் பிடிவாதம். எங்கே இருக்கிறது போன வழி? ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் 1984இல் நின்றது. 1990இல் மன்னார்க் கோச்சியும் (ரயில்) நின்றது. 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரை கோச்சி திரும்ப வந்தது. கப்பல் வரவில்லை.

மே 8
காலில் வீக்கம். எழுத மனமில்லை.

மே 10
தூக்கம் போச்சு. அக்கா போன நாள்தான் நினைவில். கொழும்புக் கோட்டையில் இரவு மெயில் ஏறி நான் தலைமன்னாரில் இறங்கியபோது, தோட்டத்து ஆட்களோடு அக்கா வீட்டாரும் வரிசையில் நின்றார்கள். இந்தியாவுக்கு அனுப்பவென்று இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் 1964இல் பேசி முடித்த 5,25,000 பேரில் அவர்களும் அடக்கம். தகரப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டில் மச்சான் பெயர். சுங்கக்காரர் சேலைகளுக்கு அடியில் கைவிட்டு அம்மிக் குழவியை வெளியே எடுத்தார். சிங்களத்தில் என்னவோ கேட்டார். அக்கா வெறுங்கையால் அரைத்துக் காட்டினாள். மனுஷன் சிரித்துவிட்டு, பெட்டியில் சோக்கால் ஒரு கோடு இழுத்தார்.

அம்மியைத் தோட்டத்து லயத்து வீட்டிலேயே போட்டுவிட்டாள், தூக்க முடியாதென்று. குழவியை மட்டும் வைத்து என்ன செய்தாள்?

மே 11
"மாமா, மெட்ராஸிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கட்டாமே?" மருமகள் எங்கோ படித்திருக்கிறாள். உண்மைதான். எழும்பூரில் எடுத்தால் தனுஷ்கோடி வரை ரயில், பிறகு கப்பல், தலைமன்னாரிலிருந்து கோட்டைக்குக் கோச்சி. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு வந்த வசதி. அதற்கு முன்னால் தூத்துக்குடியில் கப்பலேறி நேரே கொழும்பு. 1964 டிசம்பர்ப் புயல், ஸ்டேஷனை நெருங்கிய ரயிலோடு சேர்த்துத் தனுஷ்கோடியையே கொண்டுபோனது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது.

இதையெல்லாம் 'போட் மெயில்' என்று ஆட்கள் ஆசையாகக் கதைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. வியாபாரத்துக்கும் கோயில் குளத்துக்கும் போய்வந்தவர்களுக்கு அது சரி. எங்கள் சனத்துக்கு 'ராமானுஜம்' கப்பல் போகத்தான் இருந்தது. ஏறினால் அக்கரையில் மண்டபம் முகாம், அவ்வளவுதான்.

மே 13
நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இலிருந்து கப்பல் விடுகிறார்களே, அதில் வா என்றேன் அக்காவிடம். "அது வேற ஊரு, வேற தண்ணி." போனை வைத்துவிட்டேன். குழவியைப் பற்றிக் கேட்க நினைத்து எடுத்த போன் கோல்.

மே 14
கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மருமகள் மெழுகுதிரி கொளுத்தினாளாம். நாங்கள் எந்தக் காலத்தில் வேதக்காரர்? சரி, யார் காப்பாற்றினால் என்ன.

மே 16
அக்கா மகன் ரகசியமாகப் பேசினான். அக்காவிடம் இருப்பது இங்கிருந்து போகும்போது கொடுத்த பாஸ்போர்ட் மட்டும்தானாம். துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறாள். அதைக் காட்டினால் கப்பலில் விடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். புதிதாக எடுக்கப் பிறந்த தேதிக்கு அத்தாட்சி கேட்கிறார்களாம். தோட்டத்து மருத்துவச்சி கையில் பிறந்தவள் எதைக் காட்டுவாள்?

ஒருவாய் சோறும் இறங்கவில்லை.

மே 17
கட்டில் கிடைத்துவிட்டது. நாளைக் காலை ஆறு மணிக்குள் வரவேண்டும். சாரம், துவாய், பிளாஸ்க் எல்லாம் மருமகள் எடுத்து வைக்கிறாள். அக்காவுக்கு இப்போதைக்குச் சொல்லவேண்டாம் என்றேன். மகன் ஏற்கெனவே சொல்லிவிட்டானாம். இந்தப் பயல் வாயில் எதுவும் நிற்காது.